மார்ட்டினி-ஹென்றி: பழைய ராணுவ ரைபிளை இனம்காண்பதும் செப்பனிடுவதும்

மார்ட்டினி-ஹென்றி, பிரிட்டிஷ் தரைப்படை 1871-இல் ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டா ரைபிள். விசைக்குப் பின்னால் நீளும் நெம்புகோலைக் கீழே தள்ளினால், பின்முனையில் ஊசியிட்டு மாட்டிய எஃகுப் பூட்டுக்கட்டையின் முன்முகம் தாழ்ந்து தோட்டா அறையின் வாய் திறக்கும். அதே அசைவில் வெற்றுத் தோட்டா வெளியே வரும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் இறுகும். புதுத் தோட்டாவை வைத்து நெம்புகோலை மேலே இழுத்தால் ரைபிள் சுடத் தயார். பூட்டு, சுவிட்சர்லாந்தின் ஃபிரவுன்ஃபெல்டில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபிரெடரிக் ஃபான் மார்ட்டினியுடையது. குழலின் உட்புறத்தில் ஓடும் ஏழு காடிகள் எடின்பரோவின் துப்பாக்கிக் கலைஞர் அலெக்சாண்டர் ஹென்றியுடையவை. இருவர் பெயரும் சேர்ந்து ரைபிளின் பெயரானது.

இந்த ரைபிள் இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழம்பொருள் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அதற்கு முதல் காரணம் நேபாளம். காத்மாண்டுவின் லகான் சிலேகானா என்ற பழைய அரண்மனை நேபாள அரசின் ஆயுதக் கிடங்காக இருந்தது. அங்கே பல தலைமுறைகளாக அடுக்கிக் கிடந்த துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் 2003-இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கினார்கள். நூற்றாண்டுப் பழமையான கிரீஸும் தூசியும் இறுகிப் படிந்த நிலையிலேயே அவற்றில் பல விற்பனைக்கு வந்தன. இரண்டாவது காரணம் 1964-இல் வெளிவந்த ‘ஜூலு’ திரைப்படம். அதைப் பார்த்தவர்கள் படத்தில் வரும் ரோர்க்ஸ் டிரிஃப்ட் போரின் ரைபிள் ஒன்றாவது தம் சுவரில் தொங்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார்கள். இப்படி வாங்கிய ரைபிள் வீட்டுக்கு வந்ததும் அதைப் பளபளவென்று தேய்க்கத் தோன்றும். அந்த அவசரத்தில் அழிந்த முத்திரைகளுக்குக் கணக்கில்லை. எது என்று தெரிந்த பிறகே எதையும் தொட வேண்டும். அடையாளம் காண்பதே செப்பனிடுதலின் முதல் பாதி.

சட்டம்

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தந்த நாட்டின் சட்டம். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898-இலோ அதற்கு முன்போ தயாரிக்கப்பட்ட துப்பாக்கியைப் பழம்பொருளாகக் கொள்கிறது. பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, வழக்கொழிந்த தோட்டா அளவு கொண்ட பழைய துப்பாக்கியை அலங்காரப் பொருளாகவோ அரும்பொருளாகவோ உரிமம் இன்றி வைத்திருக்க இடம் தருகிறது. மார்ட்டினி-ஹென்றியின் 577/450 அளவு அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதைச் சுடும் எண்ணம் வந்த கணமே அது பழம்பொருள் என்ற சலுகையை இழக்கிறது; உரிமம் தேவைப்படுகிறது. முறைப்படி செயலிழக்கச் செய்த துப்பாக்கியை மீண்டும் இயங்க வைப்பது அங்கே குற்றம். இந்த அத்தியாயம் அத்தகைய துப்பாக்கிகளைப் பற்றியதல்ல.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொல்மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு அளிப்பது, அது பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாது என்ற நிலையில்தான். இயங்கக்கூடிய மார்ட்டினி-ஹென்றி ஒன்று பாட்டனார் காலத்துப் பெட்டியில் கிடைத்தால் அதற்கு உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த பொருள் என்பதால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் ஏற்றுமதித் தடையும் அதன்மேல் வரும். உள்ளூர்க் காவல் நிலையத்தையோ ஆயுதச் சட்ட வழக்கறிஞரையோ கேட்காமல் அதில் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது.

முதல் சோதனை

கையில் வந்த ரைபிள் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. விற்றவர் சொன்னார் என்பது இங்கே செல்லாது. குழலின் வாயை ஆளில்லாத திசையில் வைத்து நெம்புகோலை மெதுவாகத் தாழ்த்தி, தோட்டா அறையை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கிரீஸ் இறுகி நெம்புகோல் அசைய மறுத்தால் பலம் கொண்டு இழுக்கவோ தட்டவோ கூடாது. உள்ளே பழைய தோட்டா இருக்கக்கூடும். அப்போது ஒரு மரக்குச்சியைக் குழல் வாய் வழியே மெல்ல இறக்கி, அது எவ்வளவு தூரம் போகிறது என்று குச்சியில் அடையாளமிட்டு, குழலுக்கு வெளியே வைத்து ஒப்பிட வேண்டும். குச்சி பூட்டுக்கட்டையின் முகம் வரை செல்லாமல் இடையில் நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. துணிக்கந்தலாக இருக்கலாம், குளவிக்கூடாக இருக்கலாம், தோட்டாவாகவும் இருக்கலாம். அந்த நிலையில் ரைபிளை அப்படியே வைத்துவிட்டுத் தகுதி பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை அழைப்பதே சரி.

முத்திரைகளை வாசித்தல்

ரைபிளின் வரலாறு, பூட்டுக்கட்டையைத் தாங்கும் பூட்டுப்பெட்டியின் வலப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மேலே ஒரு கிரீடம். அதன்கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். என்ற எழுத்துகள். அடுத்து தயாரித்தவர் பெயர், ஆண்டு, பரிசோதகரின் சிறு கிரீட முத்திரை, பிறகு எந்த மாதிரி, அதாவது எந்த மார்க், என்பதைச் சொல்லும் ரோமன் எண். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை தன் ஊர்ப் பெயரையே பொறித்தது. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ், நேஷனல் ஆர்ம்ஸ் அண்ட் அம்யூனிஷன், ஹென்றி ரைஃபிள்டு பேரல் ஆகிய தனியார் நிறுவனங்கள் முதலெழுத்துச் சுருக்கங்களைப் பொறித்தன. உலோகத்தின் மேல் அகலத் தலை கொண்ட ஓர் அம்பு தென்பட்டால் அது பிரிட்டிஷ் அரசின் சொத்து முத்திரை. இரண்டு அம்புகள் முனைக்கு முனை எதிரெதிராக இருந்தால், படையிலிருந்து முறைப்படி விற்றுத் தள்ளிய ரைபிள் என்று பொருள்.

இந்த முத்திரைகள் பெரும்பாலும் கிரீஸ் படலத்துக்குக் கீழே மறைந்திருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை உலோகத்தோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச வேண்டும். நேர் வெளிச்சத்தில் வெறும் துருத்தழும்பாகத் தோன்றிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் நிழல் விழுந்து எழும். கிரீடத்தின் மேல் உள்ள சிலுவை, ஆண்டின் கடைசி எண், பரிசோதகர் முத்திரையின் கீழுள்ள எழுத்து என்று ஒவ்வொன்றாகத் தெரியும். ஒளியின் திசையை நான்கு பக்கமும் மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பதும் பயன்படும். முத்திரையை வாசிப்பதற்காகத் தேய்த்துச் சுத்தம் செய்வது மட்டும் கூடாது. ஓரங்கள் மழுங்கிய முத்திரை திரும்ப வராது.

மார்க்குகள் நான்கு. முதலாவது 1871-இல் தொடங்கியது. பின்னர் திருத்தப்பட்ட மார்க் 2 1877-இல் வந்தது. பழைய மார்க் 1 ரைபிள்களில் பல அப்போது திருத்தி மார்க் 2 ஆக்கப்பட்டன. எனவே 1874 என்ற ஆண்டும் இரண்டு என்ற ரோமன் எண்ணும் ஒரே ரைபிளில் இருப்பது முரண்பாடு அல்ல. மார்க் 3 1879-இல் வந்தது. மார்க் 2-இல் முன்கட்டையைக் குறுக்கு ஊசி பிடித்திருக்கும். மார்க் 3-இல் கட்டையின் பின்முனையில் உள்ள கொக்கி பூட்டுப்பெட்டியில் மாட்டிக்கொள்ளும். மார்க் 4-ஐத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம், அதன் நெம்புகோல் வெகுவாக நீண்டது.

நெம்புகோல் ஏன் நீண்டது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த ரைபிளின் பலவீனமும் புரியும். தொடக்கத்தில் இதற்குக் கொடுத்த தோட்டா, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இரும்பு அடியோடு பொருத்தியது. குழல் சூடேறிப் புகைக்கரி படிந்ததும் தகடு தோட்டா அறையில் ஒட்டிக்கொள்ளும். வெற்றுத் தோட்டாவை இழுக்கும் உருவி அதன் அடிப்பகுதியை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். வெப்பமும் மணலும் சேர்ந்த சூடானில் 1885 ஜனவரியில் நடந்த அபு கிளியா போரில் ரைபிள்கள் இப்படிச் சிக்கியது பெரும் பேச்சானது. நீண்ட நெம்புகோல் கூடுதல் விசை கொடுத்து ஒட்டிய தோட்டாவை உருவ உதவியது. இடையில் தோட்டா அளவையே 402 ஆகக் குறைத்து என்ஃபீல்டு-மார்ட்டினி என்ற ரைபிளைத் தயாரித்தார்கள். ஆனால் அது படைக்கு வழங்கப்படும் முன்பே 303 அளவு வரப்போவது உறுதியானதால், தயாரானவற்றைப் பழைய 577/450 அளவுக்கே திருப்பி மார்க் 4 ஆக்கினார்கள். அதனால்தான் சில மார்க் 4 ரைபிள்களில், அவை முதலில் தயாரான 1886 என்ற ஆண்டே இருக்கிறது.

இந்தத் தேதிகள் விற்பவர் சொல்லும் கதையைச் சோதிக்கவும் உதவும். ஜூலு போர் 1879 ஜனவரியில் தொடங்கியது. அதன் இசண்டல்வானா, ரோர்க்ஸ் டிரிஃப்ட் மோதல்கள் அந்த மாதம் 22-ஆம் தேதி நடந்தவை. 1881 என்று பொறித்த ரைபிளோ மார்க் 4-ஓ அங்கே இருந்திருக்க முடியாது. முற்பட்ட ஆண்டு இருந்தாலும் அது போதிய சான்று அல்ல. அடிக்கட்டைத் தகட்டில் உள்ள படைப்பிரிவு எண்ணும், அந்த எண் பழையதுதானா என்ற ஆய்வும் வேண்டும். புகழ்பெற்ற படைப்பிரிவின் எண்ணைப் புதிதாகக் குத்தி விலையை ஏற்றுவது இந்தச் சந்தையின் பழைய நோய். அசல் முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள உலோகத்தில் உள்ள அதே பழுப்பு நிறம் இருக்கும். புதிய குத்தின் அடிப்பள்ளம் பளிச்சென்று இருக்கும், அல்லது சாயம் பூசியதுபோல் ஒரே சீராகக் கறுத்திருக்கும்.

தோற்றத்தில் ஏமாற்றுபவை

மார்ட்டினி பூட்டு கொண்டவை எல்லாம் மார்ட்டினி-ஹென்றி அல்ல. உதுமானியப் பேரரசுக்காக அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிராவிடன்ஸ் டூல் நிறுவனம் பீபாடி-மார்ட்டினி ரைபிள்களைத் தயாரித்தது. 1877-இல் பிளெவ்னாவில் ருஷ்யர்களை எதிர்த்து நின்றவை இவையே. நிறுவனத்தின் பெயரும் சுல்தானின் துக்ரா முத்திரையும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். தோட்டா அளவு வேறு, பிற்காலத்தில் 7.65 மி.மீ. மவுசர் குழல் மாற்றப்பட்டவையும் உண்டு.

அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை பிரிட்டிஷாரே 303 அளவுக்கு மாற்றிய மார்ட்டினி-மெட்ஃபோர்டும் மார்ட்டினி-என்ஃபீல்டும். பூட்டுப்பெட்டி அதேபோல்தான் இருக்கும். ஆனால் குழல்துளை 11.43 மி.மீ.க்குப் பதில் 7.7 மி.மீ.; சுண்டுவிரல்கூட நுழையாது. 303 வழக்கொழிந்த அளவல்ல. ஆகவே பிரிட்டனில் இதற்கு உரிமம் கட்டாயம். மார்ட்டினி-ஹென்றி என்று நம்பி இதை வாங்கிச் சுவரில் மாட்டியவர் தம்மை அறியாமலே சட்டத்தை மீறியவர் ஆகிறார்.

நேபாளக் கிடங்கிலிருந்து வந்தவற்றில் பிரிட்டன் கொடுத்த ரைபிள்களோடு உள்ளூரில் செய்தவையும் கலந்திருந்தன. அவற்றுள் கஹேந்திரா ரைபிள் தனித்து நிற்பது. 1885 முதல் 1901 வரை நேபாளப் பிரதமராக இருந்த பீர் ஷம்ஷேரின் மகன் கஹேந்திர ஷம்ஷேர் உருவாக்கியதால் இந்தப் பெயர். வெளியே மார்ட்டினிபோலத் தோன்றும் இதில் கிரீடமும் வி.ஆர். முத்திரையும் இல்லை, தேவநாகரி எழுத்துகளும் எண்களும் உண்டு. உள்ளே சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் பட்டை ஸ்பிரிங்கும் சிறு சுத்தியலும் வேலை செய்கின்றன. பட்டறையில் கையால் அரம் போட்டு ஒன்றொன்றாகச் செய்ததால் ஒரு ரைபிளின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. எஃகின் தரமும் ஒரே சீராக இல்லை. ஒரு நாட்டின் கைத்தொழில் திறமைக்கு அரிய சான்று அது. சுடுவதற்கான ரைபிள் அல்ல. தேவநாகரி முத்திரை இருப்பதனாலேயே கஹேந்திரா என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, பிரிட்டிஷ் ரைபிள்களிலும் நேபாளப் படை தன் எண்களைப் பொறித்தது.

கடைசியாக, பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையிலுள்ள தர்ரா ஆதம் கேலிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் செய்த போலிகள். அங்குள்ள கொல்லர்கள் பல தலைமுறைகளாகப் பிரிட்டிஷ் ரைபிள்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள். உருவம் நம்பும்படி இருக்கும், எழுத்துகள் காட்டிக்கொடுக்கும். ஆங்கில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும், வரி கோணலாக ஓடும், கிரீடம் பூவைப்போல இருக்கும். விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் இறந்தார். வி.ஆர். முத்திரைக்குக் கீழே 1905 என்று இருந்தால் மேலும் ஆராயத் தேவையில்லை. ஆப்கானிஸ்தானுக்குச் சென்று திரும்பிய மேற்கத்தியப் படைவீரர்கள் நினைவுப் பொருளாக இவற்றைப் பெருமளவில் வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

தோட்டா அளவில் ஐயம் இருந்தால் தோட்டா அறையை வார்த்து அளப்பது நம்பகமான வழி. இதற்கென விற்கும் செரோசேஃப் என்ற பிஸ்மத் கலவை 70 முதல் 88 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். குழலின் உள்ளே சற்று முன்பாக ஒரு துணியை அடைத்துவிட்டு, உருகிய கலவையைத் தோட்டா அறையில் ஊற்றி, இறுகியதும் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். முதலில் சுருங்கிப் பிறகு விரியும் இயல்புடையது அது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவே தோட்டா அறையின் உண்மை அளவு. கலவையில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் அளவுக்கு மேல் சூடாக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், சமையலறைப் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது.

கழற்றுதல்

பழைய ரைபிளுக்கு நேரும் சேதங்களில் பெரும்பகுதி தவறான திருப்புளியால் வருகிறது. வீட்டில் இருக்கும் திருப்புளியின் முனை ஆப்புபோலச் சரிந்திருக்கும். திருகின் காடியில் மேல் ஓரத்தை மட்டும் பிடித்து நழுவி, காடியைக் கிழித்துவிடும். முனை இருபுறமும் இணையாகக் குழிவாகத் தீட்டிய, காடியின் அகலத்தையும் ஆழத்தையும் முழுமையாக நிரப்பும் திருப்புளி வேண்டும். ஒவ்வொரு திருகுக்கும் பொருந்தும்படி தீட்டிக்கொள்வது வழக்கம். அசையாத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்திருந்து, தலையில் திருப்புளியை நிறுத்தி லேசாகத் தட்டி, மீண்டும் எண்ணெய் விட வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் பொறுமையே மலிவான கருவி. தலை முறிந்த திருகைத் துளையிட்டு எடுக்கும் நிலை வந்தால் பட்டறைக்குக் கொண்டுபோவது மேல். என்ஃபீல்டின் மரைகள் இன்றைய மெட்ரிக் மரையோடு பொருந்தாதவை. கடையில் கிடைக்கும் திருகைப் பலவந்தமாக ஏற்றினால் பூட்டுப்பெட்டியின் மரையும் போய்விடும்.

பூட்டுக்கட்டையைத் தாங்குவது பூட்டுப்பெட்டியின் பின்மேல் பகுதியில் குறுக்காகச் செல்லும் பிளவு ஊசி. பிளந்த முனையைக் குறட்டால் மெல்ல நெருக்கி, பித்தளைக் குச்சியால் அந்தப் பக்கமிருந்து தட்டினால் மறுபக்கம் வெளிவரும். பிறகு நெம்புகோலைச் சற்றுத் தாழ்த்தி, கட்டையின் முன்பகுதியை விரலால் அழுத்தியபடி அசைத்தால் அது மேலே எழும்பும். கட்டைக்குள் ஃபயரிங் பின்னும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் அழுத்தத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் நட்டையும் அதன் பூட்டுத் திருகையும் கழற்றும்போது கண்ணுக்குக் கவசம் அணிந்து, கட்டையைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்கட்டையை அடித்தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் நீண்ட போல்ட் பூட்டுப்பெட்டியோடு இறுக்கியிருக்கும். தகட்டைக் கழற்றி, நீண்ட அகலமான திருப்புளியை உள்ளே விட வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, ஒவ்வொரு திருகையும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தத் துளையின் பெயரெழுதிய உறையில் போட வேண்டும். ஒரே அளவாகத் தோன்றும் திருகுகளும் நீளத்தில் வேறுபடும். நேபாளத்தில் செய்த ரைபிளில் இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் திரும்பப் பொருத்துவதே இயலாமல் போகும்.

துருவும் கிரீஸும்

இறுகிய பழைய கிரீஸுக்கு மண்ணெண்ணெயோ டர்பன்டைன் மாற்றுத் திரவமோ போதும். பாகத்தை ஓரிரு நாள் ஊற வைத்து, பழைய பல் துலக்கியாலும் மூங்கில் சீவலாலும் எடுக்க வேண்டும். மூங்கில் உலோகத்தைக் கீறாது. முத்திரையின் பள்ளங்களுக்குள்ளும் செல்லும்.

துருவில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் பொடியாக உதிர்வது உயிருள்ள துரு. உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். கறும்பழுப்பு நிறத்தில் உலோகத்தோடு ஒன்றி வழவழப்பாக இருப்பது நூறாண்டு வயதின் மேல்தோல். முதலாவதை நீக்க வேண்டும், இரண்டாவதைக் காக்க வேண்டும். எண்ணெயில் நனைத்த மிக மென்மையான எஃகுப் பஞ்சோ வெண்கலப் பஞ்சோ செந்துருவை எடுக்கும், பழுப்பை விட்டுவிடும். செந்துரு பரவலாக இருந்தால் பாகத்தைக் கனிமமற்ற தண்ணீரில் கொதிக்க வைக்கும் முறை உண்டு. கொதிநீரில் சிவந்த ஆக்சைடு கறுத்த மேக்னடைட்டாக மாறும். உதிரும் கரியை மெல்லத் துடைத்து உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். மரப்பாகம் எதையும் இதில் போடக் கூடாது. அமிலக் குளியல் ஸ்பிரிங்கை நொறுங்கும்படி ஆக்கும். சுழலும் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் பத்து நிமிடத்தில் நூறாண்டைத் துடைத்துவிடும். அவை இந்த மேசையருகே வரவே கூடாது. கடையில் விற்கும் நீலச்சாயம் பூசிப் புதிதுபோல் ஆக்குவதும் அப்படியே. சேகரிப்பவர்கள் அந்த ரைபிளைப் பாதி விலைக்குக்கூடத் தொட மாட்டார்கள், அதில் அவர்கள் பக்கமே நியாயம்.

குழலின் உட்புறத்துக்கு எண்ணெய் மட்டும் போதாது. கருமருந்து எரிந்த கரியில் காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்புகள் இருக்கின்றன. அவை எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பூட்டுப்பெட்டியை மூடி மறைத்துக்கொண்டு வெந்நீரை ஊற்றி, வெண்கலத் தூரிகையால் தேய்த்து, துணி வெளுப்பாக வரும் வரை துடைத்து, சூடு ஆறும் முன் உலர்த்தி எண்ணெய் விட வேண்டும். பிறகு வெளிச்சத்தைப் பார்த்தபடி குழலின் உள்ளே நோக்க வேண்டும். ஏழு காடிகளும் முறுக்கிக்கொண்டு ஓடுவது தெரிய வேண்டும். வட்டமான ஒரு நிழல் வளையம் குறுக்கே நின்றால் அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது. அடைப்பு இருந்தபோது யாரோ சுட்டதன் விளைவு அது. அதற்குப் பழுதுபார்ப்பு இல்லை.

மரம்

முன்கட்டையும் பின்கட்டையும் வால்நட் மரம். நேபாள ரைபிள்களில் அது எண்ணெய் ஊறிக் கரிக்கட்டையாகக் கறுத்திருக்கும். டர்பன்டைன் மாற்றுத் திரவத்தில் நனைத்த துணியால் பலமுறை துடைத்தால் அழுக்கு மேலேறி வரும். சூடான அறையில் வைத்தால் இன்னும் எண்ணெய் கசியும். அதையும் துடைக்க வேண்டும். மரத்தை இழைப்பதோ உப்புத்தாள் போடுவதோ கூடாது. மரம் தேய்ந்தால் உலோகத்தின் ஓரம் மரத்துக்கு மேலே துருத்தி நிற்கும். எப்போதோ யாரோ இழைத்த ரைபிளை இந்த அடையாளத்தால் கண்டுகொள்ளலாம். பின்கட்டையின் வலப்பக்கத்தில் உள்ள வட்ட முத்திரைதான் முதலில் அழிவது.

நசுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் நீராவி மரநாரை மேலே எழுப்பும். முத்திரைக்கு அருகில் இதைச் செய்தால் முத்திரையும் எழும்பி மறையும். வெடிப்புகள் வழக்கமாக வருவது முன்கட்டை பூட்டுப்பெட்டியைத் தொடும் இடத்தில். வெடிப்புக்குள் உள்ள எண்ணெயை ஸ்பிரிட்டால் நன்றாக வெளியேற்றாமல் பசை பிடிக்காது. மெதுவாக இறுகும் எப்பாக்சியை இறக்கி, துணிச்சுருளால் சுற்றி ஒரு முழு நாள் விட வேண்டும். துண்டே போயிருந்தால் நாரின் ஓட்டம் ஒத்த பழைய வால்நட் துண்டை ஒட்டிச் செதுக்கலாம். மரப்பொடிக் கலவை அடைப்பது தெரிந்துவிடும். கடைசியாக ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் உள்ளங்கையில் எடுத்து, கை சுடும்படி தேய்த்து, மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் வேண்டாம். எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; விரித்துக் காய வைத்த பிறகே எறிய வேண்டும்.

பாகங்களும் சுடும் கேள்வியும்

தேய்வதும் உடைவதும் உருவி, ஃபயரிங் பின்னின் முனை, சுருள் ஸ்பிரிங், பிளவு ஊசி ஆகியவை. பிரிட்டிஷ் மார்க்குகளுக்குப் பழைய அசல் பாகங்களும் புதிதாகச் செய்தவையும் கிடைக்கின்றன. எந்த மார்க்கின் பாகம் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். உடைந்த அசல் பாகத்தைத் தூக்கி எறியக் கூடாது. ரைபிளோடு உறையில் வைக்க வேண்டும். புதுப் பாகத்தின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஆண்டைப் பொறித்து வைத்தால் பின்னால் வருபவர் எது அசல் என்று குழம்ப மாட்டார்.

சுடுவது பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கவை சில. கஹேந்திராவையும் தர்ராவில் செய்ததையும் ஒருபோதும் சுடக் கூடாது. பிரிட்டிஷ் மார்ட்டினி-ஹென்றியைச் சுட வேண்டுமானால், உரிமம் பெற்று, தகுதி பெற்ற துப்பாக்கிக் கலைஞர் பூட்டுக்கட்டைக்கும் தோட்டாவுக்கும் இடையிலான வெளியையும் தோட்டா அறையையும் குழலின் சுவரையும் சோதித்த பிறகே. பிரிட்டனில் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உள்ள அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையங்கள் இதற்கு உண்டு. படையின் தோட்டாவில் 85 கிரெயின், அதாவது சுமார் 5.5 கிராம் கருமருந்தும், 480 கிரெயின், அதாவது 31 கிராம் ஈயக் குண்டும் இருந்தன. இந்தக் குழல் கருமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்தது. புகையற்ற நவீன மருந்தின் அழுத்தம் வேறு வகையானது; அதை இதில் இடுவது குழலையும் கையையும் ஒருங்கே இழக்கும் வழி.

வைத்திருத்தல்

செப்பனிட்ட உலோகத்தின் மேல் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிய படலமாகப் பூசினால் கைரேகை பட்டாலும் துரு ஏறாது. தோல் உறையிலோ ரப்பர் நுரை வைத்த பெட்டியிலோ நீண்ட நாள் வைக்கக் கூடாது. இரண்டும் ஈரத்தைப் பிடிக்கும். பூட்டுக்குள் உள்ள ஸ்பிரிங்கை இறுகிய நிலையில் விடக் கூடாது. ஆண்டுக்கு இருமுறை துடைத்து, குழலுக்குள் புதுத் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரைகளின் படங்கள், வார்ப்பின் அளவு, மாற்றிய பாகங்கள், வாங்கிய ரசீது, பூசிய எண்ணெய், ஒட்டிய பசை எல்லாவற்றையும் தேதியோடு ஓர் ஏட்டில் எழுதி ரைபிளோடு வைக்க வேண்டும். கை மாறும்போது ரைபிளோடு அந்த ஏடும் போக வேண்டும்.